கண்காட்சிக்குக் கள்ளி வைக்க ஆசை: பாலக்காட்டு மழையையும் காற்றையும் தாண்டி எப்படித் தயார் செய்வது?

வேலந்தாவளம்_மாடி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நான் இருப்பது பாலக்காட்டுச் சித்தூர் தாலுகா, வேலந்தாவளம் பக்கம். வீட்டு மாடியில் கள்ளிச்செடிகளும் சதைச்செடிகளும் வளர்க்கிறேன். தங்க உருளை என்று சொல்கிற குருசோனி, கொஞ்சம் மம்மிலேரியா, ஜிம்னோகாலிசியம் நிறைய, அடீனியம், ஹவோர்த்தியா, அப்புறம் அம்மா காலத்திலிருந்தே இருக்கிற யூஃபோர்பியா மிலி. எல்லாமே தொட்டியில்தான்.

வருகிற பூக்கண்காட்சியில் கள்ளிப் பிரிவில் தொட்டி வைக்க வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. திருச்சூருக்குப் போய்ப் பார்த்திருக்கிறேன், ஆனால் இதுவரை வைத்ததில்லை. மேசை ஓரமாக நின்று பார்க்கும்போது எதற்குப் பரிசு கொடுத்தார்கள், எதற்குக் கொடுக்கவில்லை என்பது எனக்குப் பிடிபடவே இல்லை. பெரிய செடி ஒன்று சும்மா நின்றது, அதன் பக்கத்தில் உள்ளங்கை அகலச் செடிக்கு முதல் பரிசு.

எனக்கு உள்ள சிக்கல்கள் இவைதான். ஜூன் பிறந்தால் மேற்கே இருந்து காற்றும் தூறலும், அது ஓய்ந்தால் அக்டோபர், நவம்பரில் சாயங்கால இடிமழை, மார்கழி தை மாதங்களில் கிழக்குக் காற்று தொட்டியையே தள்ளிவிடுகிற மாதிரி அடிக்கிறது, மார்ச்சில் வெயில் 40 டிகிரியைத் தொடுகிறது. போன மழையில் ஜிம்னோ சில அடியிலிருந்து அழுகிப் போய்விட்டன. இந்த ஊரில் இருந்துகொண்டு கண்காட்சித் தரத்தில் ஒரு செடியைக் கொண்டுவர முடியுமா? எந்தச் செடியைத் தேர்ந்தெடுக்கலாம்? நர்சரியில் ஒருவர், சிவப்பு மஞ்சள் உருண்டை ஒட்டின செடி வாங்கி வை, அதைத்தான் எல்லோரும் நின்று பார்ப்பார்கள் என்றார். அது சரியா? அனுபவம் உள்ள அண்ணன்கள், அக்காக்கள் சொல்லுங்கள்.

---

செங்கோட்டை_சாரல் எழுதியது:

தங்கச்சி, முடியும். உன் ஊர் மழை எங்கள் ஊர்ச் சாரலைவிடச் சமாளிக்க எளிதானது என்றுதான் நான் சொல்வேன். கணவாய்க் காற்று உனக்கும் உண்டு எனக்கும் உண்டு, ஆனால் குற்றாலச் சீசனில் இங்கே நாள் முழுக்கப் பூந்தூறல் போட்டுக்கொண்டே இருக்கும், வெயிலே தலைகாட்டாது. கள்ளிக்கு அதுதான் கஷ்டம். ஒரு மணி நேரம் கொட்டித் தீர்த்துவிட்டு மறுநாள் வெயில் அடித்தால் பெரும்பாலான கள்ளி தாங்கிக்கொள்ளும். எவ்வளவு மழை என்பதைவிட, வேரைச் சுற்றி எத்தனை நாள் ஈரம் நின்றது, அந்த நாட்களில் காற்றோட்டம் இருந்ததா என்பதுதான் கணக்கு.

இன்னொன்றையும் புரிந்துகொண்டால் நிறைய விஷயம் தெளிவாகும். இந்தச் செடிகள் பகலில் இலைத்துளையை மூடிவைத்துவிட்டு ராத்திரியில் திறந்து கரியமில வாயுவை எடுத்து வைத்துக்கொள்கின்றன, பகல் வெயிலில் அதை உணவாக்குகின்றன. தண்ணீரை மிச்சம் பிடிக்க அவை கண்ட வழி. அதனால் ராத்திரி குளிர்ந்தால் அவற்றுக்குச் சுகம். புழுக்கமான ராத்திரி தொடர்ந்து வந்தால் செடி சோர்ந்துவிடும், அந்த நேரத்தில் தொட்டியும் ஈரமாக இருந்தால் பூஞ்சாணம் உள்ளே புகுந்துவிடும். எனவே புழுக்க மாதங்களில் தண்ணீரைக் குறை, மார்கழி, தை, மாசியில் ராத்திரி குளிரும்போது வாரம் ஒருமுறை தாராளமாக ஊற்று. நம் பக்கத்தில் பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

மழைக்கு ஒரே வழி மேலே கூரை. கேரளாவில் காய்கறிக்கு மழமற என்று மழைத்தடுப்புக் கூரை போடுகிறார்களே, அதே அமைப்புதான், அளவு சின்னதாக. 200 மைக்ரான் தடிமன் உள்ள, வெயில் தாங்கும் யூவி ஷீட் வாங்கு, சாதாரண பாலித்தீன் ஒரு கோடையிலேயே பொடிந்துவிடும். நடுவில் உயரமாக, இரண்டு பக்கமும் சரிவாக ஜிஐ பைப்பில் கட்டு. நான்கு பக்கமும் திறந்தே இருக்க வேண்டும். மூடினால் உள்ளே வேகும். உன் ஊர்க் காற்றுக்கு ஷீட்டைக் கயிற்றால் கட்டினால் நிற்காது, பைப்போடு சேர்த்து கிளிப் போட்டுப் பிடிக்க வேண்டும், பைப்பின் அடியை மாடிச் சுவரோடு போல்ட் அடிக்க வேண்டும். மேற்கே தூறல் சாய்வாக வரும் என்பதால் அந்தப் பக்கம் மட்டும் ஷீட்டை ஒரு முழம் கூடுதலாக இறக்கிவிடு. பச்சை வலை மார்ச் முதல் மே வரைக்கும் போதும், அதுவும் 50 சதவீத வலை. வருடம் முழுக்க வலைக்குள் வைத்தால் குருசோனி நீண்டு போய்விடும், முள் மெலிந்துவிடும், அந்த மெலிந்த முள் அப்புறம் தடிக்காது. கண்காட்சிக்கு அது ஆகாது.

மண் கலவையைப் பற்றி ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். நான் சொல்வது: முக்கால் பங்கு கல், கால் பங்குதான் மண்ணும் உரமும். ஆற்று மணலுக்கு அலைய வேண்டாம். எம்-சாண்ட் போதும், ஆனால் அப்படியே போட்டுவிடக் கூடாது, அதில் இருக்கிற கல்மாவு தண்ணீர் பட்டதும் சிமெண்ட் மாதிரி இறுகி வேரை மூச்சுவிட விடாது. நன்றாகச் சலித்து, இரண்டு மூன்று தண்ணீர் மாற்றிக் கழுவி, மேலே நிற்கிற குருணையை மட்டும் எடு. அதோடு வெட்டுக்கல் பொடி அல்லது செங்கல் சில்லு, உமிக்கரி, மக்கின இலைத்தூள், கைப்பிடி வேப்பம்பிண்ணாக்கு. பாலக்காட்டில் நெல் மில்லுக்குப் பஞ்சமா, உமிக்கரி கிடைக்கும். தேங்காய்நார்க் கழிவைத் தவிர்த்துவிடு. நர்சரியிலிருந்து வரும் செடிகள் பெரும்பாலும் அதில்தான் இருக்கும், மழைக்காலத்தில் வாரக்கணக்கில் ஈரத்தைப் பிடித்து வைக்கும், ஒருமுறை முழுசாகக் காய்ந்துவிட்டால் தண்ணீரைக் குடிக்கவே குடிக்காது. வாங்கின செடியை வீட்டுக்குக் கொண்டுவந்ததும் அந்த நார் முழுவதையும் வேரிலிருந்து மெதுவாக உதிர்த்து, ஒரு வாரம் நிழலில் சும்மா வைத்துவிட்டு, அப்புறம் நம் கலவையில் நடு.

போர் தண்ணீர் உப்பாக இருந்தால் செடியின் தலையில் ஊற்றாதே. வெள்ளைக் கறை படிந்தால் போகாது. மழைத்தண்ணீரை ஒரு டிரம்மில் பிடித்து வை, உன் வீட்டுக் கள்ளிக்கு அதைவிட நல்லது கிடையாது.

---

நகரி_முள்காடு எழுதியது:

அக்கா மழையைப் பற்றிச் சொல்லிவிட்டார், நான் செடியைப் பற்றிச் சொல்கிறேன். எங்கள் பக்கம் ஆந்திர எல்லை, மழை குறைவு, வெயில் கொடூரம். ஆனாலும் ராத்திரிப் புழுக்கத்தில் நாம் இரண்டு பேரும் ஒன்றுதான்.

ஊட்டியில் எச்சிவேரியா ரோஜாப்பூ மாதிரி விரிந்திருப்பதைப் பார்த்துவிட்டுப் பலர் அதை வாங்கிச் சமவெளிக்குக் கொண்டுவருகிறார்கள். அது மெக்சிகோ மலைச்சரிவுச் செடி, குளிர்ந்த ராத்திரி இல்லாமல் அந்த நிறமும் வராது, அந்தக் கட்டுக்கோப்பும் வராது. லித்தாப்ஸ் தென்னாப்பிரிக்கா, நமீபியா வறண்ட நிலத்துச் செடி, நம் ஈரக்காற்றில் கோடையைத் தாண்டுவது கடினம். இவற்றை வைத்துப் போட்டி போடுவது மலைமேல் இருப்பவர்களுக்கு உரியது. நமக்கு என்று செடிகள் இருக்கின்றன.

முதலில் மெலோகாக்டஸ். கரீபியன் தீவுகளிலும் பிரேசிலிலும் வளர்வது, குளிர்தான் அதற்கு ஆகாது, வெக்கை பிரச்சினையே இல்லை. வயசுக்கு வந்ததும் தலையில் பஞ்சும் முள்ளுமாக ஒரு தொப்பி முளைக்கும், அதற்குப் பிறகு உடல் பெருக்காது, தொப்பி மட்டும் வருடா வருடம் உயரும். அந்தத் தொப்பி கோணாமல் வந்த செடியை மேசையில் வைத்தால் யாரும் தாண்டிப் போக மாட்டார்கள். மற்றக் கள்ளி மாதிரி இதை மாதக்கணக்கில் காயப்போடக் கூடாது, அது ஒன்றை மட்டும் நினைவில் வை.

ஜிம்னோகாலிசியம் உன்னிடம் ஏற்கெனவே இருக்கிறது. அர்ஜென்டினா, பராகுவே பக்கம் புல்லுக்கு நடுவில் வளர்வதால் கொஞ்சம் நிழலையும் தாங்கும். மாடியில் காலை வெயில் மட்டும் படுகிற இடம் இருந்தால் போதும். ஹவோர்த்தியாவும் அப்படித்தான், புதரடியில் வளர்வது, நேர் வெயில் பட்டால் சிவந்துவிடும். சமையலறை ஜன்னலுக்கு வெளியே வைத்தே பரிசு வாங்குகிற அளவுக்கு வளர்க்கலாம். அடீனியம் நம் வெயிலுக்கென்றே பிறந்தது, ஒவ்வொரு முறை தொட்டி மாற்றும்போதும் கிழங்கை ஒரு அங்குலம் மேலே தூக்கி நட்டு வா. பால் கையில் பட்டால் கழுவிவிடு, கண்ணில் படவே கூடாது. யூஃபோர்பியாவுக்கும் இதே எச்சரிக்கை.

இப்போது என் மனசுக்கு நெருக்கமான ஒன்றைச் சொல்கிறேன். நம் குன்றுகளில் தானாக விளைகிற சதைச்செடிகளை யாரும் கண்காட்சிக்குக் கொண்டுவருவதில்லை, எனக்கு அதில் பெரிய வருத்தம். கள்ளிமுளையான் என்று ஆடு மேய்ப்பவர்கள் பிடுங்கித் தின்பார்களே, அது எவ்வளவு அழகான செடி! அதன் இன்னொரு வகையில் நான்கு பட்டைத் தண்டின் நுனியில் பந்துபோல் பூக்கள் சேர்ந்து பூக்கும், பழுப்பில் வரிவரியாக இருக்கும், வாசனைக்கு ஈ வந்து மொய்க்கும். மருள், பிரண்டை, சதுரக்கள்ளி எல்லாம் ஒழுங்காகத் தொட்டியில் வளர்த்துப் பெயர் எழுதி வைத்தால் வெளிநாட்டுச் செடிக்கு எந்த விதத்திலும் குறைவில்லை. ஒரு பத்து பேர் இப்படிச் செய்தால் தனிப் பிரிவே வைப்பார்கள். குன்றிலிருந்து வேரோடு பறிக்காதே, அது வேண்டவே வேண்டாம். வேலியில் வைத்திருப்பவர்களிடம் ஒரு துண்டு தண்டு கேட்டால் கொடுப்பார்கள், நான்கு நாள் காயவைத்து நட்டால் பிடித்துக்கொள்ளும்.

பூச்சி பற்றியும் ஒரு வார்த்தை. முள்ளுக்கு அடியில் வெள்ளையாகப் பஞ்சு தெரிந்தால் மாவுப்பூச்சி. நசுக்கினால் ரத்தச் சிவப்பாக வந்தால் அது கொச்சினீல். நாட்டில் சப்பாத்திக்கள்ளி இவ்வளவு குறைந்ததற்குக் காரணமே அந்தப் பூச்சிதான், 1926-ல் இலங்கையிலிருந்து கொண்டுவந்து விட்டார்கள், காடு காடாக மண்டிக் கிடந்த கள்ளியை அது தின்று தீர்த்தது. பக்கத்தில் சப்பாத்திக்கள்ளிப் புதர் இருந்தால் அதையும் அவ்வப்போது பார்த்துக்கொள். இரண்டுக்கும் முதலில் ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சுக்குச்சி, அப்புறம் லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயை சோப்புக் கரைசலோடு கலந்து வெயில் சாய்ந்த பிறகு அடி. வெயிலில் அடித்தால் தோல் வெந்துவிடும். கிழக்குக் காற்று மாதங்களில் செடியின் உச்சி துருப்பிடித்த மாதிரி பழுப்பேறினால் அது சிலந்திப்பேன். அந்தத் தழும்பு ஆறாது, அந்தச் செடி அந்த வருடம் மேசைக்கு இல்லை. அதனால் வாரம் ஒருமுறை லென்ஸ் வைத்து உச்சியைப் பார்.

---

பொள்ளாச்சி_மண்தொட்டி எழுதியது:

கண்காட்சி மேசை பற்றிக் கேட்டாய் அல்லவா, அதை நான் சொல்கிறேன். சில கண்காட்சிகளில் செடி வாங்கி அடுக்குவதற்கும் நடுவர்களோடு சீட்டு எடுத்துக்கொண்டு நடப்பதற்கும் உதவியிருக்கிறேன். நடுவருக்கு நடுவர் கண் வேறுபடும், ஆனால் எல்லோரும் பார்க்கிற வரிசை கிட்டத்தட்ட ஒன்றே.

முதலில் செடி அந்தப் பிரிவுக்கு உரியதா என்று பார்ப்பார்கள். இதில்தான் நிறையப் பேர் வெளியே போகிறார்கள். கள்ளிப் பிரிவில் யூஃபோர்பியா வைத்தால் அது எவ்வளவு அழகாக இருந்தாலும் தள்ளிவிடுவார்கள். கள்ளிக் குடும்பத்துச் செடியில் முள் ஒரு சின்னப் பஞ்சு மெத்தையிலிருந்து கிளம்பும், யூஃபோர்பியாவில் மெத்தை இருக்காது, கீறினால் பால் வரும். நம் ஊரில் கள்ளி என்று சொல்கிற சதுரக்கள்ளி, திருகுகள்ளி, இலைக்கள்ளி எல்லாமே யூஃபோர்பியாதான், சதைச்செடிப் பிரிவில்தான் போக வேண்டும். சப்பாத்திக்கள்ளி மட்டும் அசல் கள்ளி, அதுவும் அமெரிக்காவிலிருந்து வந்தது. தொட்டி விட்டத்துக்கு வரம்பு போட்டிருந்தால் டேப் வைத்து அளப்பார்கள், அரை அங்குலம் கூடினாலும் கதை முடிந்தது. விதிப் புத்தகத்தை இரண்டு முறை படி, சந்தேகம் இருந்தால் போன் போட்டுக் கேள்.

அடுத்தது உடல்நலம். இதற்குத்தான் பெரும்பங்கு மதிப்பெண். பெரிய செடி சும்மா நின்றது என்றாயே, ஒரு பக்கம் வெயில் பார்த்து ஒரு பக்கம் பார்க்காமல் சாய்ந்திருக்கும், அல்லது நடுவில் இடுப்பு மாதிரி சுருங்கியிருக்கும். ஒரு வருடம் பட்டினி, மறு வருடம் தீனி என்று வளர்த்தால் அந்தச் சுருக்கம் உடலில் எழுதிவைத்த மாதிரி நின்றுவிடும். உள்ளங்கைச் செடி எல்லாப் பக்கமும் ஒரே அளவு, ஒரு முள்கூட உடையாமல், உச்சியில் புது முள் பளிச்சென்று இருந்திருக்கும். அதற்குப் பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை: வாரா வாரம் தொட்டியைக் கால் சுற்று திருப்ப வேண்டும், தண்ணீர் சீராகப் போக வேண்டும், வருடங்கள் ஆக வேண்டும். அடியில் மரப்பட்டை மாதிரி கொஞ்சம் பழுப்பு இருந்தால் பரவாயில்லை, வயதான செடிக்கு அது இயல்பு.

அதற்கப்புறம் வளர்க்க எவ்வளவு கடினமான இனம் என்பது. இரண்டு செடியும் ஒரே அளவு நன்றாக இருந்தால் கடினமான இனத்துக்குத்தான் முதலிடம். நகரி அண்ணன் சொன்ன மாதிரி முதலில் நம் ஊரில் நன்றாக வருவதைக் குறை இல்லாமல் வளர்த்துக் கொண்டுவா. கஷ்டமான செடியைத் தழும்போடு வைப்பதைவிட எளிய செடியைத் தழும்பில்லாமல் வைப்பது மேல்.

அந்தச் சிவப்பு மஞ்சள் உருண்டை விஷயம். அது ஜிம்னோகாலிசியத்தின் ஒரு பிறழ்வு, உடம்பில் பச்சையமே கிடையாது, சொந்தமாக உணவு செய்ய முடியாது. கீழே முக்கோணத் தண்டாக இருப்பது டிராகன் பழக் கொடி, அதுதான் சோறு போடுகிறது. ஜப்பானில் 1940-களில் கண்டுபிடித்து ஒட்டினார்கள். கொடிக்கு நம் வெக்கை பிடிக்கும் என்பதால் இங்கே நன்றாகவே நிற்கும், ஆனாலும் பெரும்பாலும் சில வருடங்கள்தான். வீட்டில் வைத்துப் பார்க்க அழகு, நான் குறை சொல்லவில்லை. ஒட்டுச்செடிக்குத் தனிப் பிரிவு இருந்தால் அங்கே வை. சொந்த வேரில் நிற்கிற செடியோடு ஒரே மேசையில் வைத்தால் அனுபவமுள்ள நடுவர் சொந்த வேருக்குத்தான் மதிப்புத் தருவார்.

கடைகளில் கள்ளியின் உச்சியில் காய்ந்த பூவைச் சூடான பசையில் ஒட்டி விற்கிறார்கள், முள்ளுக்குப் பெயிண்ட் அடித்து விற்கிறார்கள். அது செடியின் வளரும் நுனியை அடைத்துவிடுகிறது. பாவம், உயிருள்ள ஒன்றுக்குச் செய்கிற காரியமா அது? அப்படிப்பட்டதை வாங்காதே, மேசைக்கும் கொண்டுவராதே.

தயாரிப்பு. தொட்டி மாற்றுவது என்றால் கண்காட்சிக்கு மூன்று மாதம் முன்பே மாற்றிவிடு, நேற்று நட்ட செடியைத் தட்டினால் ஆடும், நடுவர் கவனிப்பார். மண்தொட்டியின் வெளிப்பக்க உப்புப் படிவை எலுமிச்சைத் தோலால் தேய்த்துக் கழுவலாம். மேல்மண்ணில் ஒரே அளவு கூழாங்கல் அல்லது கருங்கல் சிப்ஸ், நிறம் அடக்கமாக இருக்கட்டும், மீன்தொட்டி நீலக் கல் வேண்டாம். தூசியைப் பெயிண்ட் பிரஷ்ஷால் தட்டு. இலைக்குப் பளபளப்பு ஏற்ற எண்ணெய் எதையும் தடவாதே, சதைச்செடிகளின் மேல் இருக்கிற வெள்ளைப் பூச்சையும் தொடாதே, விரல் பட்ட இடம் அப்படியே தெரியும். பெயர்ச்சீட்டில் இனப்பெயரைச் சரியாக எழுது, இரண்டு செடி சமமாக நிற்கும்போது சீட்டு கைகொடுக்கும்.

கடைசியாக ஒன்று, இதை யாரும் சொல்ல மாட்டார்கள். கண்காட்சி மூன்று நான்கு நாள் நடக்கும், அங்கே வேலைக்கு வருபவர்கள் காலையில் ஹோஸ் பிடித்து எல்லா மேசைக்கும் சேர்த்துத் தண்ணீர் அடித்துக்கொண்டு போவார்கள். பூச்செடிக்குச் செய்வதையே கள்ளிக்கும் செய்துவிடுவார்கள். ஒரு மேசைக் கள்ளி முழுவதும் நனைந்து நின்றதைப் பார்த்திருக்கிறேன். தொட்டிக்குப் பக்கத்தில் 'தண்ணீர் ஊற்ற வேண்டாம்' என்று மலையாளத்திலும் தமிழிலும் எழுதி வை, பொறுப்பாளரிடம் வாயாலும் சொல்லிவிட்டு வா.

---

வேலந்தாவளம்_மாடி எழுதியது:

அண்ணா, அக்கா, எல்லோருக்கும் ரொம்ப நன்றி. இத்தனை நாள் யாரிடம் கேட்பது என்று தெரியாமல் இருந்தேன். மழமற போடுவது என்று முடிவு செய்துவிட்டேன், வெல்டரிடம் பேசியாயிற்று. குருசோனியைப் பார்த்தேன், ஒரு பக்கம் கொஞ்சம் சாய்ந்துதான் இருக்கிறது, அதை விட்டுவிட்டு ஒரு ஜிம்னோவும் இரண்டு ஹவோர்த்தியாவும் வைக்கலாம் என்று இருக்கிறேன்.

இரண்டு கேள்வி இன்னும் இருக்கிறது. ஒருவர் வாட்ஸாப்பில் தாய்லாந்திலிருந்து நேரடியாக வரவழைத்த ஆஸ்ட்ரோஃபைட்டம், ஏரியோகார்பஸ் என்று படம் போட்டு விற்கிறார், தபாலில் வேர் கழுவி அனுப்புவாராம். வாங்கலாமா? இரண்டாவது, அவசரம். கண்காட்சிக்கு என்று நினைத்திருந்த ஜிம்னோவின் அடியில், மண்ணோடு சேருகிற இடத்தில், ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு ஆரஞ்சு நிறத்தில் மெதுமெதுவென்று இருக்கிறது. மேலே நன்றாகத்தான் இருக்கிறது. என்ன செய்வது?

---

கம்பம்_விதைக்காரன் எழுதியது:

முதல் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். வெளிநாட்டிலிருந்து செடி வரவழைப்பது தப்பில்லை, ஆனால் காகிதம் இல்லாமல் வருவதை வாங்காதே. அழியும் ஆபத்தில் இருக்கிற உயிரினங்களை நாடுவிட்டு நாடு விற்பதைக் கட்டுப்படுத்துகிற சைட்டிஸ் ஒப்பந்தம் 1975-லிருந்து நடைமுறையில் இருக்கிறது, இந்தியா 1976-ல் சேர்ந்தது. கள்ளிக் குடும்பம் கிட்டத்தட்ட முழுவதும் அதன் இரண்டாம் பட்டியலில் வருகிறது. அவர் சொல்கிற ஏரியோகார்பஸ் முதல் பட்டியல், ஆஸ்ட்ரோஃபைட்டம் ஆஸ்டீரியாஸும் முதல் பட்டியல். அதாவது காட்டிலிருந்து பறித்து விற்பதற்கு அனுமதியே இல்லை. அது போக, 2003-ன் தாவரத் தனிமைப்படுத்தல் ஆணைப்படி இறக்குமதி அனுமதியும், அனுப்புகிற நாட்டின் தாவர நலச் சான்றிதழும் வேண்டும். அந்தக் காகிதங்களின் நகலைக் கேள், மழுப்பினால் விட்டுவிடு.

ஏன் இவ்வளவு கண்டிப்பு என்றால், இந்தச் செடிகளில் பல வளர்கிற இடமே மிகச் சின்னது. உன் மாடியில் இருக்கிற குருசோனியையே எடுத்துக்கொள், உலகம் முழுக்க லட்சக்கணக்கில் தொட்டியில் இருக்கிறது, ஆனால் மெக்சிகோவில் அதன் சொந்த இடத்தில் அது அழியும் நிலையில் இருக்கிறது. 1990-களில் சிமப்பான் அணை கட்டினபோது அது வளர்ந்த பள்ளத்தாக்கில் பெரும் பகுதி தண்ணீருக்குள் போய்விட்டது. கடத்தல் செடி ஒன்றை வாங்கினால் நாமும் அந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி ஆகிவிடுகிறோம்.

எனக்குப் பிடித்த வழி விதை. உள்நாட்டிலேயே விதை கட்டுகிற வளர்ப்பாளர்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் வாங்கு. ஆஸ்ட்ரோஃபைட்டம் விதை புதிதாக இருந்தால் ஒரு வாரத்துக்குள் முளைக்கும், பார்க்கவே சந்தோஷமாக இருக்கும். சலித்த கலவையைக் கொதிநீர் ஊற்றி ஆறவைத்து, பிளாஸ்டிக் டப்பாவில் பரப்பி, விதையை மேலே தூவி, மூடாமல் விடு, அதற்கு மண்போர்வை வேண்டாம். டப்பாவை ஜிப் கவரில் போட்டு மூடி வெளிச்சமான நிழலில் வை. பாசி பிடித்தால் கவரைத் திறந்துவிடு. தை, மாசி நல்ல பருவம், உங்கள் ஊர்க் கிழக்குக் காற்றை மட்டும் நேராகப் படவிடாதே. ஒரே விதைப்பையிலிருந்து வந்த குஞ்சுகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு புள்ளிக்கோலத்தோடு வரும், அவற்றில் நல்லதைப் பிரித்து வளர்ப்பதுதான் இந்தப் பொழுதுபோக்கின் முழுச் சுவை. இப்போது விதைத்தால் இந்தக் கண்காட்சிக்கு ஆகாது, ஆனால் விதையிலிருந்து நீ வளர்த்த செடியை ஒருநாள் மேசையில் வைக்கும்போது அதற்கு ஈடாக எதையும் கடையில் வாங்க முடியாது.

---

செங்கோட்டை_சாரல் எழுதியது:

தங்கச்சி, ஜிம்னோவை இன்றைக்கே பிடுங்கு, நாளைக்கு என்று தள்ளாதே. ஆரஞ்சு நிறத்தில் மெதுமெதுவென்று இருந்தால் அழுகல் தொடங்கிவிட்டது, மருந்து ஊற்றி நிறுத்த முடியாது, வெட்டித்தான் ஆக வேண்டும்.

கூரான கத்தியை ஸ்பிரிட்டில் துடைத்துக்கொள். அடியிலிருந்து தோசை கனத்துக்கு ஒரு வில்லை வெட்டு, வெட்டின முகத்தைப் பார். நடுவில் வட்டமாகத் தெரிகிற நரம்பு வளையத்தில் ஆரஞ்சோ பழுப்போ ஒரு புள்ளி இருந்தாலும் போதாது, மறுபடி கத்தியைத் துடைத்துவிட்டு இன்னொரு வில்லை வெட்டு. வெள்ளையும் பச்சையுமாகச் சுத்தமான சதை வரும்வரை வெட்டிக்கொண்டே போ, செடி பாதியாகிறதே என்று மனசு வலிக்கும், ஆனால் ஒரு புள்ளியை விட்டால் மேல்வரைக்கும் ஏறிவிடும். சுத்தமானதும் விளிம்பைச் சுற்றிலும் சாய்வாகச் சீவிவிடு, இல்லையென்றால் காயும்போது நடு உள்வாங்கி விளிம்பு தூக்கிக்கொள்ளும். வெட்டுமுகத்தில் கந்தகப் பொடி அல்லது காப்பர் ஆக்சிகுளோரைடு தூவு.

அப்புறம் நிழலில், காற்றோட்டமான இடத்தில், வெட்டுமுகம் மேலே தெரிகிற மாதிரி படுக்கவைத்து பத்து நாள், மழைநாளாக இருந்தால் இரண்டு வாரம் காயவிடு. வெட்டுமுகம் நன்றாக இறுகித் தோலாக மாறினதும் காய்ந்த எம்-சாண்ட் குருணை மேல் சும்மா உட்காரவை, புதைக்காதே. வேர் வருகிறவரை தண்ணீர் ஒரு சொட்டும் வேண்டாம், உடம்பில் இருக்கிற தண்ணீரிலேயே அது மாதக்கணக்கில் பிழைக்கும். வேர் எட்டிப் பார்த்த பிறகு விளிம்பில் மட்டும் கொஞ்சமாக ஊற்ற ஆரம்பி.

பழைய தொட்டி மண்ணைக் கொட்டிவிடு, மற்றச் செடிக்குப் போடாதே. கொட்டும்போது வேர்ப்பக்கம் வெள்ளையாகப் பஞ்சு இருக்கிறதா என்று பார், இருந்தால் அழுகலுக்குக் காரணம் வேர் மாவுப்பூச்சிதான், அந்த வரிசையில் பக்கத்தில் இருந்த தொட்டிகள் எல்லாவற்றையும் திறந்து பார்க்க வேண்டியிருக்கும். பஞ்சு இல்லையென்றால் ஈரம்தான் காரணம். எது என்று இங்கே எழுது, படமும் போடு. கண்காட்சிக்கு இந்தச் செடி இந்த வருடம் ஆகாது, ஹவோர்த்தியா இரண்டையும் தயார் செய், விண்ணப்பத்தின் கடைசித் தேதியை இப்போதே விசாரித்து வை.